தொண்டை அடைப்பானும் அதன் நஞ்சும்



நோய் வந்தால் ‘சேரியின் அழுக்கே காரணம்’ என்று பிறர் கூற நாம் கேட்டிருக்கின்றோம். இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் மகள் ஆலிஸ், 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் அரண்மனையில் தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா நோயால் இறந்தார். சில வாரங்களுக்கு முன்னரே அவருடைய நான்கு வயதுப் பெண் குழந்தையும் அந்நோய்க்கு இரையாயிற்று. அரண்மனையில் அழுக்கா நிறைந்திருந்தது? அன்று தடுப்பூசி இல்லை, அவ்வளவே.

இந்நோயின் கிருமி தொண்டையிலேயே தங்கிவிடும். இதயமோ பழுதுபடும். இஃது எங்ஙனம்? பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ரூ, யெர்சின் என்னும் இருவர் 1888-இல் விடை கண்டனர். கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமியற்ற அந்நீரைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினர், அவை மாண்டன. கொல்வது கிருமி உமிழும் நஞ்சே என்பது தெளிவாயிற்று.

அந்நஞ்சு இரு பகுதிகள் கொண்ட ஒரு புரதம். ஒரு பகுதி நம் உயிரணுவின் மேற்புறத்தைப் பற்றிக்கொள்ளும். உயிரணு அதனை உணவென்று நம்பியதுபோல் ஒரு சிறு பையில் பொதிந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பையினுள் அமிலத்தன்மை மிகும்பொழுது, மறு பகுதி பையின் சுவரைக் கடந்து வெளிப்படும். உயிரணு வாழ ஓயாது புரதங்களைச் செய்தாக வேண்டும். அப்பணிக்கு இன்றியமையாத ஒரு துணைப்பொருளை நஞ்சு முடக்குகிறது. தறியில் ஓடும் நாடாவைப் பிடித்து நிறுத்தினாற்போல வேலை நின்றுபோகும்; உயிரணு மடியும். நஞ்சு தான் செலவாவதில்லை. ஒன்றை முடக்கியபின் அடுத்ததை நாடிச் செல்லும். உள்ளே புகுந்த ஒரே ஒரு மூலக்கூறு ஓர் உயிரணுவைக் கொல்லப் போதுமென 1978-இல் ஜப்பானிய ஆய்வாளர் காட்டினர். இந்நஞ்சைச் செய்யும் ஆற்றல்கூடக் கிருமிக்குச் சொந்தமன்று. கிருமியைத் தொற்றும் வைரஸ் ஒன்று தந்த இரவல்!

மடிந்த உயிரணுக்கள் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வாகப் படியும். குருதிவழிச் சென்ற நஞ்சு இதயத் தசையையும் நரம்புகளையும் தாக்கும். முறிமருந்து குருதியில் திரியும் நஞ்சையே முறிக்கும். உயிரணுவினுள் புகுந்துவிட்டதை ஒன்றும் செய்ய இயலாது. ஆதலால் ஒரு நாள் தாமதமும் பெரிது. சவ்வைச் சுரண்டுவதும் கைவைத்தியம் பார்த்துக் காத்திருப்பதும் வேண்டா. உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

1923-இல் ரமோன் என்பவர் இந்நஞ்சைப் பார்மலினும் வெப்பமும் கொண்டு கொடுமை நீக்கித் தடுப்பு மருந்தாக்கினார். குழந்தைக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் போடும் ஊசியில் அது உண்டு. அத்தோடு கடமை முடிந்ததெனப் பலர் இருந்துவிடுகின்றனர். காலம் செல்ல அதன் காப்பு குறையும். ஒன்றரை வயதிலும், ஐந்து வயதிலும், 10, 16 வயதுகளிலும் மீண்டும் போட வேண்டும். கடைசி இரண்டும் பள்ளிக்கே வருகின்றன. ஊசி போடும் நாளன்று மட்டும் வருகைப் பதிவேட்டில் வராதோர் எண்ணிக்கை கூடுவதை நாம் கண்டு வருகின்றோம். அவர்களுள் நம் தெருப் பிள்ளைகளும் உளர். சங்கத்து இளைஞர்கள் முதல் நாள் மாலை வீடு வீடாகச் சென்று சொல்லி, மறுநாள் அவர்களை அழைத்து வருவீர்களாயின், பெயர்ப் பட்டியலை நாமே எழுதித் தருகின்றோம்.