நானிலத்துக்கு ஒரு வாக்கு
(பொழிவின் எழுத்துவடிவம்)



மலை, காடு, வயல், கடல் என நிலத்தை நான்காய்ப் பகுத்து நானிலம் என்று பெயரிட்டவர் நம் முன்னோர். அந்த நானிலத்தையும் ஒரே பகற்பொழுதில் கண்டு திரும்பத்தக்க மாவட்டம் ஒன்று நமக்குண்டு. அதுவே குமரி மாவட்டம். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் வாழும் மலை. கல்குளம், விளவங்கோட்டுச் சரிவுகளில் இரப்பரும் பனையும் பலாவும். தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களில் நாஞ்சில் நாட்டு நெல்வயல். தெற்கே நீரோடி வரை நீளும் மீனவர் ஊர்கள்.

2009ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் இம்மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் கன்னியாகுமரி என்னும் ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்குகின்றன. அதற்கு முன்பு அத்தொகுதியின் பெயர் நாகர்கோயில். நானிலத்துக்கும் தில்லியில் ஒரே நாக்கு! அந்த ஒருவரை எதை அளந்து தேர்கிறோம்? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்கும் வினா.

பழைய செய்தி ஒன்றை நினைவூட்டுகிறேன். இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தது. குமரி அன்று திருவிதாங்கூர்-கொச்சி அரசின்கீழ் இருந்தது. தமிழ் பேசும் வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்னும் ஒரே முழக்கத்தோடு திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு களம் இறங்கியது. நாகர்கோயில் தொகுதியில் வழக்கறிஞர் நேசமணி வென்று நாடாளுமன்றம் புகுந்தார். சட்டமன்றத்திலும் அக்கட்சி 8 இடங்களைப் பெற்றது. 1954இல் அது 12 ஆயிற்று. வாக்குச்சீட்டு அன்று எல்லைக்கோடு கேட்கும் விண்ணப்பமாக மாறியது!

அவ்விண்ணப்பத்துக்கு விலையும் கொடுத்தோம். 1954 ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்மீது காவலர் துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் மாய்ந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே தங்கிவிட்டன. பெற்றதும் வாக்கால், பெறாததன் வடுவும் இன்றளவும் நம் நெஞ்சில்.

அக்காலத்தில் சாதி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் சாதிக்கு மேலே மொழியும் மண்ணும் என்ற ஒரு கேள்வி நின்றது. அக்கேள்விக்கு மக்கள் விடை சொன்னார்கள்.

நேசமணி 1968இல் மறைந்தபின் 1969 சனவரியில் இடைத்தேர்தல் வந்தது. ஈராண்டுக்கு முன் தம் சொந்த ஊராகிய விருதுநகரில் தோற்ற காமராசரைக் குமரி மக்கள் ஒரு நூறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வெல்வித்தார்கள். 1977இல் இதே தொகுதி அனுப்பிய குமரி அனந்தன், நாடாளுமன்றத்தில் தமிழில் வினா எழுப்பும் உரிமைக்குப் போராடினார். மண்ணைக் கேட்ட தொகுதி பின்பு மொழிக்கும் இடம் கேட்டது. இது பெருமைக்குரிய வரிசை.

அந்த வரிசை எங்கே முறிந்தது? 1982இல் மண்டைக்காட்டில் சமயப் பூசல் மூண்டது. உயிர்கள் பலியாயின, கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி எழுந்தது. அன்று தொட்டுத் தேர்தல் வந்தால் இங்கே எண்ணப்படுவன கோயில் எத்தனை தலை, தேவாலயம் எத்தனை தலை, இன்ன சாதி எத்தனை வீடு என்பனவே. வேட்பாளரும் அக்கணக்கையே படிக்கிறார். கட்சியும் அக்கணக்கையே பார்த்து இடம் தருகிறது.

நிலம் கேட்கும் கணக்கோ வேறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, ஆழ்கடல் சென்ற மீனவர் பலர் கரை திரும்பவில்லை. அவர்களைத் தேடும் கடற்படையும் கடலோரக் காவற்படையும் தில்லியின் கையில். இரப்பர் இறக்குமதிக்கு வரி விதிப்பதும் தில்லி. நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த நீரைக் கேரளம் 2004இல் நிறுத்தியது. இரு மாநிலங்களுக்கிடைப்பட்ட ஆற்று வழக்கும் தில்லிவரை செல்வதே. காணிக்காரரின் காட்டுரிமைக்கு 2006இல் சட்டம் இயற்றியதும் நாடாளுமன்றமே.

பாருங்கள்! கடலுக்கு ஒரு குறை, சரிவுக்கு ஒரு குறை, வயலுக்கு ஒரு குறை, மலைக்கு ஒரு குறை. நான்கும் சென்று முட்டும் கதவு ஒன்றே. புயல் சமயம் கேட்டு அடித்ததா? வறண்ட கால்வாய் சாதி பார்த்து வறண்டதா?

ஆதலின், வாக்குக் கேட்டு வருவோரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை நான்கு. கடலில் மறைந்தவனைத் தேட என்ன செய்வாய்? கால்வாய் நீருக்கு எங்கே வழக்காடுவாய்? தோட்டக்காரன் விலைக்கு என்ன சொல்வாய்? மலைமகன் உரிமைக்கு எப்போது எழுந்து நிற்பாய்? விடை சொல்பவன் எக்குலத்தான் ஆயினும் நம்மவன். விடை சொல்லாதவன் நம் குலத்தானே ஆயினும் அயலான்.

எல்லைக்கோட்டையே வாக்கால் நகர்த்திய மக்கள் நாம். நமக்கிடையே நிற்கும் வேலியையும் அதே வாக்கால் பெயர்ப்போம்!