ஒரே பொத்தான், ஒரே விலை

1992இல் அமிகா கணினிக்கு வந்த உதைபந்தாட்டம் 'சென்சிபிள் சொக்கர்'. பின்னர் மெகா டிரைவ், சுப்பர் நின்ரெண்டோ கொன்சோல்களிலும் வந்தது. மேலிருந்து பார்க்கும் மைதானம், எறும்பளவு வீரர்கள், ஒரே பொத்தான். பந்து காலில் ஒட்டாது. சட்டென்று திரும்பினால் ஓடிவிடும். அடித்த பிறகும் அதனை வளைக்கலாம், அதுதான் சுவை! ஒருமுறை காசு கொடுத்தால் கணக்கு முடிந்தது.

இன்றைய 'இ.ஏ. எஃப்.சி.'யோ அப்படியல்ல. விளையாட்டை வாங்கிய பிறகும் வீரர் அட்டைப் பொதிகளைக் காசுக்கு விற்கிறார்கள். உள்ளே எந்த வீரர் என்பது அதிர்ஷ்டம். கணக்காளன் கண்ணுக்கு இது சீட்டிழுப்புத்தான். யேர்மனியில் வயது முத்திரையிடும் யு.எஸ்.கே. 2023 முதல் இதனையும் கவனிக்கிறது. பெற்றோரே, பெட்டியில் வயது எண்ணுக்குப் பக்கத்திலுள்ள சிறிய எழுத்தையும் வாசியுங்கள். கடனட்டை இலக்கத்தைப் பிள்ளையின் கொன்சோலில் பதிந்து வைக்காதீர்கள்.