வக்கீல் சொல்லை நம்பி மனை வாங்கினால்

 

சவூதியில் உழைத்த காசில் மனை வாங்கியவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்: "வில்லங்கம் இல்லையென்று வக்கீல் சொன்னார், இப்போது வழக்கு வந்துவிட்டது. நட்டத்தை அவரிடம் கேட்கலாமா?"

கேட்கலாம். ஆனால் நுகர்வோர் மன்றத்தில் அல்ல, 14.5.2024 அன்று உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவு, தவறினால் இயல்பாக விளைந்த நட்டத்துக்கே ஈடு தருகிறது. எடுத்துக்காட்டாக, 10 லட்சம் கொடுத்த மனை வில்லங்கத்தோடு 6 லட்சமே பெறுமானால், 4 லட்சம் நட்டம். ஊரெங்கும் மனை விலை சரிந்திருந்தால் அந்தச் சரிவு வக்கீல் கணக்கில் சேராது.

வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டே கெடு. எனவே லீகல் ஒப்பீனியனை எழுத்தில் வாங்கி, ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது.