ஆயில் சீலும் தீர்மான நோட்டும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க குழுவில் 12 பேர். வங்கிக் கடனில் ஒரு பவர் வீடர் வாங்கி, குச்சிக்கிழங்குக் காட்டில் களை ஓட்ட வாடகைக்கு விடறோம். அந்த வாடகையில்தான் மாசத் தவணை கட்டறோம். போன வைகாசியில், களை மும்முரமா ஓடற நேரத்தில், இன்ஜினிலிருந்து ஆயில் கசிஞ்சு பெல்ட் நனைஞ்சு வழுக்க ஆரம்பிச்சுது. மெக்கானிக் ஒருத்தர், "இன்ஜினைப் பிரிக்கணும், பத்து நாள் ஆகும்"னு சொல்லிட்டார். பத்து நாள் போனா களையும் போச்சு, தவணையும் போச்சு.

லாரி பட்டறையில் வேலை பார்க்கிற எங்க அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஆயில் அளவுக்கு மேல ஊத்தியிருக்கா, காத்துப் போற குழாய் அடைச்சிருக்கா, முதல்ல பாரு. ரெண்டும் இல்லேன்னா தண்டைச் சுத்தியிருக்கிற சீல்தான் போயிருக்கும். வெளியிலிருந்தே மாத்தலாம்"னு சொன்னார். ரெண்டும் சரியா இருந்துச்சு.

பிளக் ஒயரைக் கழட்டிட்டு, ஆயிலை வடிச்சேன். பெல்ட்டையும் கழட்டினேன். புல்லி வரலை. புல்லர் வாங்க எங்கே போறது? புல்லி திருகைத் தளர்த்தி, ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊற விட்டு, காலையில் ரெண்டு பக்கமும் டயர் லீவர் கொடுத்து நெம்பினேன். வந்துருச்சு. சுத்தியலால் மட்டும் அடிக்காதீங்க, உள்ளே பேரிங் கெட்டுப் போகும்.

பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் இருக்குன்னு தீக்குச்சியால் அளந்துக்கிட்டேன். அதன் முகத்தில், தண்டைத் தொடாம, எதிரெதிரே ரெண்டு ஓட்டை போட்டு, சின்னத் திருகாணி முறுக்கி, குறடால் மாத்தி மாத்தி இழுத்தேன். சீல் மேலேயே 25, 41, 6ன்னு போட்டிருந்துச்சு. உள் அளவு, வெளி அளவு, கனம், எல்லாம் மில்லிமீட்டரில். நாமக்கல் பேரிங் கடையில் அதைக் காட்டினதும் எடுத்துக் கொடுத்துட்டாங்க.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். அவசரத்தில் நேரா தண்டில் மாட்டித் தட்டிட்டேன். அரை மணி நேரம் ஓட்டினதும் மறுபடி கசிவு. கழட்டிப் பார்த்தா, தண்டில் சாவி உட்காரும் பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டைக் கிழிச்சிருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலைங்க. 12 பேர் காசாச்சே.

மறுநாள் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். தலைவி அக்கா, "தப்பையும் தீர்மான நோட்டில் எழுது, அடுத்தவங்களுக்கு உதவும்"னு சொல்லி, இன்னொரு சீலுக்குக் காசு எடுத்துக் கொடுத்தாங்க.

ரெண்டாவது தடவை, தண்டை நகத்தால் தடவிப் பார்த்தேன். நகம் சிக்கற மாதிரி வரி விழுந்திருந்தா புதுசும் கசியும். எங்களுக்கு இல்லை. பள்ளத்து மேல டேப் சுத்தி, சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் தெரியற பக்கம் இன்ஜினுக்குள்ளே பார்க்கற மாதிரி நுழைச்சேன். தண்டைவிட நீளமா ஒரு 40 எம்.எம். பி.வி.சி. பைப் துண்டை நேரா வெட்டி, சீல் ஓரத்தில் வச்சு, மேலே பலகை கொடுத்து, சுத்திச் சுத்தி மெதுவாத் தட்டினேன். தீக்குச்சி அளவு வந்ததும் நிறுத்திட்டேன். டேப்பை எடுத்துட்டு, புல்லி, பெல்ட் மாட்டி, ஆயில் அளவா ஊத்தி ஒரு மணி நேரம் ஓட்டினோம். பெல்ட் காய்ஞ்சே இருந்துச்சு. அந்த மாசத் தவணை தேதி தவறாமக் கட்டினோம்.

நம்ம மாநிலத்தில் குழுத் திட்டம் 1989-ல் தருமபுரியில் தொடங்கினதுன்னு பயிற்சியில் சொல்லுவாங்க. சேமிக்கவும் கடன் கட்டவும் கத்துக்கிட்டோம். கடனில் வாங்கின மிஷினைக் காப்பாத்தவும் கத்துக்கணும்ங்க. எங்க குழுவில் இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். உங்க ஊரில் மிஷின் கசிஞ்சா, நோட்டோட நாங்க வர்றோம்.