பச்சை உணவு: பயனும் எல்லையும்



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய சகோதர, சகோதரிகளே!

சமைத்த உணவுதான் நோய்களுக்கெல்லாம் காரணம் என்றும், அனைத்தையும் பச்சையாகவே உண்டால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் தாமாக நீங்கிவிடும் என்றும், அதன் பின் குளிசைகளுக்குத் தேவையே இல்லை என்றும் ஒரு பேச்சு நம்மிடையே உலாவுகின்றது. கைத்தொலைபேசிகளில் வலம் வரும் காணொளிகளிலும், பள்ளிவாசல் முன்றலிலும், தேநீர்க் கடைகளிலும் இதனை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இப்பேச்சில் ஒரு பாதி உண்மை. மறு பாதி உயிருக்கே ஆபத்தானது. இவ்விரண்டையும் பிரித்தறிவது நம்மீதுள்ள கடமையாகும். ஏனெனில், இவ்வுடல் நமக்குச் சொந்தமானதன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதமாகும். உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்பதை நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களுக்கு உணர்த்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

முதலில் நமது நிலைமையைப் பார்ப்போம். 2018, 2019 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதிலும் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இந்நாட்டின் வளர்ந்தோரில் நூற்றுக்கு 23 பேர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கண்டறிந்தது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர்! நமது வீட்டு ஸுப்ராவைச் சுற்றி அமர்ந்திருக்கும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். இத்தொகையின் பொருள் விளங்கிவிடும். ஆறாத புண்ணால் காலை இழந்தவர்களும், பார்வை மங்கியவர்களும், சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்காக அலைபவர்களும் இல்லாத ஊர் நம்மிடம் உண்டா?

இந்நிலையில், நமது தட்டில் இருப்பது என்ன? குன்றாகக் குவித்த வெள்ளைச் சோறு, அதன்மீது மீனோ இறைச்சியோ, ஓர் ஓரத்தில் பெயருக்கு ஒரு கரண்டி மரக்கறி. வலீமா விருந்துகளில் அந்த ஒரு கரண்டியும் காணாமற் போய்விடுகின்றது. காலையிலும் மாலையிலும் சீனி கரைத்த தேநீர். இடையிடையே ரோல்ஸ், சமோசா, பணிஸ். பச்சையாக நம் வயிற்றுக்குள் செல்வது வெங்காயச் சம்பல் மாத்திரமே என்ற நிலையில் பலர் வாழ்கின்றோம்.

இவ்விடத்தில் பச்சை உணவைப் பேசுவோரின் கூற்றில் உள்ள உண்மையை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அல்குர்ஆனின் 80 ஆவது அத்தியாயமான ஸூறா அபஸவில், மனிதன் தனது உணவைச் சற்று நோக்கட்டும் என அல்லாஹ் அழைக்கின்றான். மழை பொழிவதையும், நிலம் பிளப்பதையும், அதிலிருந்து தானியம், திராட்சை, பசுங்காய்கறிகள், ஒலிவம், பேரீச்சை, கனிகள் முளைத்தெழுவதையும் வரிசையாக நினைவூட்டுகின்றான். அந்த வரிசையோடு நமது தட்டை ஒப்பிட்டால், தானியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை நாம் ஒதுக்கிவிட்டமை தெரிகின்றதல்லவா?

நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம் பழச் செங்காய்களோடு வெள்ளரிக்காயைச் சேர்த்து உண்டதை அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரழி) அவர்கள் கண்டு அறிவித்துள்ளார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது. பேரீச்சையின் சூட்டை வத்தகைப் பழத்தின் குளிர்ச்சியால் சமப்படுத்தி உண்ட செய்தியை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் வாயிலாக அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். வெள்ளரியும் வத்தகையும் நமது மண்ணுக்கு அந்நியமானவையா? வாவிக்கு அப்பால் படுவான்கரையில் விளையும் மரக்கறிகள் ஒவ்வொரு நாளும் நமது சந்தைக்கு வருகின்றன. வல்லாரை, பொன்னாங்காணி, கொவ்வை இலை, கொய்யா, பப்பாசி, மாதுளை எல்லாம் நமது வளவுகளிலேயே வளரக்கூடியவை. காத்தான்குடிப் பிரதான வீதியில் நிற்கும் பேரீச்ச மரங்களை வியந்து பார்க்கும் நாம், நமது வேலியில் படர்ந்திருக்கும் கொவ்வைக் கொடியைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

அக்கொவ்வை இலையைப் பற்றி 2011 ஆம் ஆண்டில் இலங்கை ஆய்வாளர்கள் ஓர் ஆய்வினை வெளியிட்டார்கள். நலமுள்ள 61 பேரைக் கொண்டு அது நடத்தப்பட்டது. 20 கிராம் கொவ்வை இலையைத் தேங்காய்ப் பூவும் உப்பும் சேர்த்து உணவுடன் உண்டவர்களுக்கு, உணவுக்குப் பின் இரத்தத்தில் சீனி ஏறுவது குறைந்திருந்தது. நமது மூத்தம்மாமார் சோற்றோடு இலைச் சம்பல் வைத்ததில் ஹிக்மத் இருந்தது என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால், நன்கு கவனியுங்கள்: அது நோயாளிகளைக் குணப்படுத்திய ஆய்வன்று, மருந்துக்குப் பதிலாக இலை கொடுத்த ஆய்வுமன்று.

பச்சையாக உண்பதன் பயன் எங்கிருந்து வருகின்றது? நீரில் அவிக்கும்போது கணிசமாக அழிந்துபோகும் உயிர்ச்சத்து சி, பச்சைக் காய்கனிகளில் அப்படியே கிடைக்கின்றது. நார்ச்சத்து வயிற்றை நிரப்பிச் சோற்றின் அளவைத் தானாகவே குறைக்கின்றது. சீனி இரத்தத்தில் சேரும் வேகத்தையும் தணிக்கின்றது. ஒரு நாளில் 400 கிராமுக்குக் குறையாமல் காய்கறிகளும் பழங்களும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதில் ஒரு பகுதி பச்சையாகவும் ஒரு பகுதி சமைத்தும் இருக்கலாம். கரட்டிலும் தக்காளியிலும் உள்ள சில சத்துக்களோ, சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைக்கும்போதுதான் உடலில் நன்கு சேர்கின்றன. ஆகவே, அடுப்பு நமது எதிரியன்று.

அன்பர்களே! இனி, எல்லையைப் பற்றிப் பேசுவோம்.

உம்முல் முன்திர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் அலீ (ரழி) அவர்களுடன் அந்த அம்மையாரின் வீட்டுக்கு வந்தார்கள். அலீ (ரழி) அவர்கள் அப்போதுதான் நோயிலிருந்து தேறியிருந்தார்கள். வீட்டில் பேரீச்சங் குலைகள் தொங்கின. நபியவர்கள் அதிலிருந்து உண்டார்கள். அலீ (ரழி) அவர்களும் உண்ண முற்பட்டபோது, நோயிலிருந்து தேறிவரும் அவருக்கு அது ஏற்றதன்று எனத் தடுத்துவிட்டார்கள். பின்னர் அந்த அம்மையார் வாற்கோதுமையையும் ஒரு கீரையையும் சேர்த்துச் சமைத்து வைத்தபோது, இதுவே உமக்கு உகந்தது என அலீ (ரழி) அவர்களிடம் காட்டினார்கள்.

எத்தகைய தெளிவான வழிகாட்டல்! ஒரே வீடு, ஒரே வேளை. நலமுள்ளவருக்குப் பழம், நோயிலிருந்து தேறுபவருக்குச் சமைத்த கஞ்சியும் கீரையும். பச்சையா சமைத்ததா என்பதல்ல முதல் கேள்வி. இந்த உடலுக்கு இப்போது எது உகந்தது என்பதே முதல் கேள்வி. பூண்டையும் வெங்காயத்தையும் உண்பவர் நன்கு சமைத்து வாடையைப் போக்கிக்கொள்ளட்டும் என உமர் (ரழி) அவர்கள் தமது குத்பாவில் அறிவுறுத்தியது முஸ்லிமில் உள்ளது. அல்லாஹ் ஹலாலாக்கிய சமைத்த உணவை நஞ்சென்று கூறி, ஒரு புதிய ஹராமை உண்டாக்குவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

அயல்நாட்டு வரலாற்றிலும் ஒரு படிப்பினை உண்டு. இந்தியத் தலைவர் காந்தி அவர்கள் 1929 ஆம் ஆண்டில், சமைக்காத உணவை மட்டுமே உண்டு வாழும் பரிசோதனையில் இறங்கினார். முளைவிட்ட கோதுமை, கடலை, பச்சைக் காய்கறி, தேங்காய், உலர்ந்த திராட்சை போன்றவையே அவரது ஆகாரம். சில மாதங்களில் உடல் தளர்ந்து, வயிற்று நோயும் கண்டதால் அதனைக் கைவிட்டார். கைவிட்ட செய்தியைத் தமது 'யங் இந்தியா' பத்திரிகையில் ஒளிவுமறைவின்றி எழுதினார். உணவில் எவ்வளவோ கட்டுப்பாடு கொண்ட ஒருவராலேயே இயலாத ஒன்றை, நோயுற்ற நமது பெற்றோர்மீது சுமத்துவது எவ்விதத்தில் நியாயமாகும்?

பச்சையாக உண்ணக் கூடாதவையும் உண்டு. மரவள்ளிக் கிழங்கில் சயனைட்டு எனும் நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கின்றது; தோலுரித்துத் திறந்த பாத்திரத்தில் நன்கு அவித்தே உண்ண வேண்டும். காய்ச்சாத பாலால் புருசெல்லா, காசநோய் முதலியன தொற்றக்கூடும். காமரங்காய்ச் சாற்றையும் பிலிம்பிச் சாற்றையும் நீரிழிவுக்கு மருந்தென்று வெறும் வயிற்றில் அருந்தி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் ஆய்வேடுகளில் எழுதியுள்ளனர். ஏற்கெனவே சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு இளநீர், வாழைப்பழம், பச்சைக் கீரைச் சாறு ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். மேலும், மாரி காலத்தில் வெள்ளம் கிணறுகளில் கலக்கும் நமது பிரதேசத்தில், கழுவாத இலைகளாலும் காய்ச்சாத நீராலும் வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் பரவுகின்றன. ஆகவே, பச்சையாக உண்பவற்றை ஓடும் நீரில் பலமுறை கழுவுங்கள். மாரியில் இலைகளைச் சற்று வதக்கியே உண்ணுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்: மருந்தை நிறுத்தாதீர்கள்! சிறு பிள்ளைகளுக்கு ஏற்படும் நீரிழிவில் உடல் இன்சுலினைச் சுரப்பதே இல்லை. அவர்களுக்கு ஊசியை நிறுத்திவிட்டுப் பழச்சாறு கொடுத்தால், சில நாட்களிலேயே உயிர் போய்விடும். குளிசை பாவிக்கும் பெரியவர்களும் தாமாக அதனைக் கைவிடலாகாது. உங்களது உணவு திருந்தி, நடை கூடி, எடை குறைந்தால் இரத்தத்தில் சீனியும் குறையும். அப்போது மருந்தின் அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை உங்களது கிளினிக் வைத்தியரே பரிசோதித்துத் தீர்மானிப்பார். கிராமத்து அரபிகள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என வினவியபோது, செய்யுமாறு பணித்து, முதுமையைத் தவிர எந்நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்துள்ளான் என விளக்கினார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரழி) அவர்கள் இதனை அறிவித்துள்ளார்கள். மருந்துண்பது தவக்குலுக்கு முரணானதன்று. மருந்தும் அல்லாஹ் இறக்கிய அருளே.

அவ்வாறாயின் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, தட்டின் அரைப் பங்கை மரக்கறிக்கும் இலைக்கறிக்கும் ஒதுக்குங்கள். அதில் ஒரு பிடியாவது பச்சையாக இருக்கட்டும். கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு. வயிற்றில் மூன்றிலொன்று உணவுக்கு, மூன்றிலொன்று நீருக்கு, மூன்றிலொன்று மூச்சுக்கு என்ற நபிவழிக்கு இது நெருக்கமானது.

இரண்டாவது, தேநீரில் சீனியைக் குறையுங்கள். சேர்க்கப்படும் சீனி ஒரு நாளில் சுமார் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் அடங்குவது சிறந்தது என உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கூறியது. நீரிழிவுள்ளவர்கள் அதனையும் தவிர்க்க வேண்டும். 2016 ஓகஸ்டில் நமது நாட்டில் குளிர்பானப் போத்தல்களுக்கு வர்ணக் குறியீடு அறிமுகமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனியிருந்தால் சிவப்பு என்பது அதன் விதி. பிள்ளைகளுக்கு வாங்கும் முன் அந்த வட்டத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, நடந்து செல்லுங்கள். கூப்பிடு தூரத்திலுள்ள பள்ளிவாசலுக்கு மோட்டார் சைக்கிளில் செல்வதை விடுங்கள். பள்ளியை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டல்லவா? வாரத்தில் 150 நிமிடங்கள் வேக நடை தேவை. இது ஆண்களுக்கு மாத்திரம் உரியதன்று. அடுக்களையே உலகமாகிவிட்ட நமது தாய்மாரும் சகோதரிகளும் நடப்பதற்கு நேரமும் பாதுகாப்பான இடமும் ஏற்படுத்திக் கொடுப்பது குடும்பத் தலைவர்களின் பொறுப்பாகும்.

நான்காவது, றமழானில் இஃப்தாரைப் பேரீச்சம் பழத்தாலும் நீராலும் தொடங்கி, வெள்ளரி, வத்தகை, கஞ்சி என நிறைவு செய்யுங்கள். எண்ணெயில் பொரித்தவற்றால் ஸுப்ராவை நிரப்பாதீர்கள்.

ஐந்தாவது, 35 வயதைக் கடந்தவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் இலவசமாக இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீரிழிவு ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

அன்பிற்குரியவர்களே! ஆரோக்கியமும் ஓய்வும் மனிதரில் அதிகமானோர் ஏமாந்து இழந்துவிடும் இரு அருட்கொடைகள் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இன்றைய பகலுணவிலேயே ஒரு பிடி இலைச் சம்பலைச் சேர்த்து, ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துப் பாருங்கள். நோயுற்ற பெற்றோர் உங்களோடு இருந்தால், இன்று அவர்கள் மருந்தை எடுத்தார்களா என ஒரு முறை கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களில் ஆரோக்கியத்தையும், எங்கள் உணவில் பரக்கத்தையும் தந்தருள்வாயாக! நோயாளிகளுக்குப் பூரண சுகத்தை அருள்வாயாக! நீ தந்த அமானிதத்தைப் பேணி, உன்னிடம் மீளும் நன்மக்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.