மாணவர்களுடன் வெளிநாடு செல்லுமுன்



பல்கலைக்கழக மாணவர்களை அவர்களுடைய பேராசிரியரே வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று, சில வாரங்கள் அங்கேயே பாடம் நடத்தும் திட்டங்கள் இப்போது உண்டு. நம் அங்கத்தினர்களில் பேராசிரியர்களும் இருக்கிறீர்கள், பெற்றோர்களும் இருக்கிறீர்கள். இரு சாராருக்கும் சில வார்த்தைகள்.

முதலில் பாடம், பிறகுதான் ஊர். ரோமானியக் கட்டடக்கலையை ரோம் நகரில் பாந்தியனுக்குள் நின்று நடத்தலாம். சுமார் 43 மீட்டர் விட்டமுள்ள அந்தக் கான்கிரீட் குவிமாடத்துக்குப் படம் ஈடாகாது. வகுப்பறையிலேயே முடியும் பாடத்துக்கு விமானச் செலவு வீண்.

இத்தாலிக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குள் வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

காப்பீடு பணம் தரும். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்காராது. 20 பேரில் ஒருவர் படுத்துக்கொண்டால் மற்ற 19 பேரை யார் கவனிப்பது? ஆகவே ஆசிரியர்கள் இருவராவது போக வேண்டும். செலவைக் குறைக்க அந்த இரண்டாமவரை நீக்க நிர்வாகம் நினைத்தால், பேராசிரியர் சம்மதிக்கக் கூடாது. பெற்றோர்களே, பணம் கட்டுமுன் அந்த இரண்டாமவர் யார் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு குழந்தைகளை தைரியமாக அனுப்புங்கள்.