நிற்கும் இடம் அறிந்த ஆட்டக்காரர்

உதைபந்தாட்டத்திலே கோல் அடித்தவரின் பெயர் மறுநாளே நாடெங்கும் பரவிவிடுகிறது. கோல் வாயிலைக் காத்து நின்றவரின் பெயரும் ஓரளவுக்கு நினைவில் நிற்கும். ஆனால் இவ்விரு சாராருக்கும் இடையே நின்று, பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அதை வாங்கி, அடுத்தவருக்கு வசதியாக அனுப்பிவிட்டுத் தம் இடத்துக்கு மீளும் நடுக்கள ஆட்டக்காரரை மைதானத்தில் இருப்பவர்களே பல வேளைகளில் கவனிப்பதில்லை. வானொலி வருணனையில் அவர் பெயர் அதனினும் அரிதாகவே ஒலிக்கும். போர்த்துக்கல் நாட்டவரான பாவுலோ சோசா அத்தகைய ஆட்டக்காரர்.

சோசா 1970ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 30ஆம் நாள், போர்த்துக்கலின் உள்நாட்டு நகரமாகிய விசேயுவிலே பிறந்தார். 1989இல் சவூதி அரேபியாவில் நடைபெற்ற உலக இளைஞர் போட்டியிலே, கார்லோஸ் கெய்ரோஸ் பயிற்றுவித்த போர்த்துக்கல் அணி நைஜீரியாவை இரண்டு கோல்களால் வென்று கிண்ணத்தைப் பெற்றது. அந்த அணியில் சோசாவும் இருந்தார். அதே ஆண்டில் லிஸ்பன் நகரின் புகழ்பெற்ற பென்பிக்கா கழகத்தின் முதல் அணியிலே சேர்ந்து, 1991இல் நாட்டின் சம்பியன் பட்டத்தையும் 1993இல் போர்த்துக்கல் கிண்ணத்தையும் வென்ற அணிகளில் ஆடினார்.

1993ஆம் ஆண்டின் கோடைகாலம் அவர் பெயரை வேறு விதமாகவும் பரப்பியது. பென்பிக்கா பணமுடையில் இருந்தது. சம்பளம் உரிய காலத்தில் கிடைக்கவில்லை என்று கூறி, சோசாவும் அவருடைய தோழர் பசேக்கோவும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அதே நகரத்தின் ஸ்போர்ட்டிங் கழகத்துக்குச் சென்றனர். தலைமுறை தலைமுறையாகப் பகை பாராட்டிய இரண்டு வீடுகளில் ஒன்றிலிருந்து புறப்பட்டு மற்றதிலே குடியேறியது போன்ற செயல் இது. பென்பிக்கா அன்பர்கள் இதை எளிதில் மன்னிக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்திலே, ஸ்போர்ட்டிங்கின் சொந்த மைதானத்தில் பென்பிக்கா ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் வென்று, பட்டத்தையும் தனதாக்கிக்கொண்டது.

அந்த ஆண்டிலேயே சோசா இத்தாலிக்குச் சென்று யுவெந்துஸ் கழகத்திலே சேர்ந்தார். எட்டு ஆண்டுகளாக இத்தாலியச் சம்பியன் பட்டத்தைக் காணாதிருந்த கழகம் அது. பயிற்றுநர் மார்ச்செல்லோ லிப்பி அவரைத் தற்காப்பு வரிசைக்கு முன்னே நிறுத்தினார். அங்கு நிற்பவர் வேகமாக ஓட வேண்டும் என்பதில்லை. ஆட்டம் ஓடும் திசையை அறிந்திருக்க வேண்டும். பந்து காலுக்கு வருமுன்னரே அது யாரிடம் போக வேண்டும் என்பதைத் தீர்மானித்திருக்க வேண்டும். முதலாண்டிலேயே சம்பியன் பட்டமும் இத்தாலியக் கிண்ணமும் யுவெந்துஸுக்குக் கிடைத்தன. 1996 மே மாதத்தில் ரோமாபுரியிலே, ஒல்லாந்தின் அயாக்ஸ் அணியைத் தண்ட உதைகளில் நாலுக்கு இரண்டு என வென்று, ஐரோப்பியச் சம்பியன் கழகக் கிண்ணத்தையும் யுவெந்துஸ் பெற்றது.

வெற்றிக் களிப்பு அடங்குமுன்னரே சோசா ஜேர்மனியின் டோர்ட்மண்ட் கழகத்துக்கு விற்கப்பட்டார். ஓராண்டு கழிந்து, 1997 மே 28ஆம் நாள், மியூனிச் நகரிலே அதே கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம் நடைபெற்றது. எதிரணியாக வந்தது அவரை விற்ற யுவெந்துஸ். சிடான், டெஷாம் போன்றோர் ஆடிய அந்த அணியே வெல்லும் என்பது பலருடைய கணிப்பு. டோர்ட்மண்டின் நடுக்களத்திலே ஸ்கொத்லாந்தின் லாம்பேர்ட் சிடானை நிழல்போலத் தொடர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று ஆட்டத்தின் போக்கைச் சீர்செய்தவர் சோசா. ரீட்லே இரண்டு கோல்கள் அடித்தார். டெல் பியேரோ ஒன்றைத் திருப்பியடித்தார். மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த இளைஞர் ரிக்கென், சில விநாடிகளுக்குள், தாம் முதன்முதலாகத் தொட்ட பந்தையே தொலைவிலிருந்து உதைத்து மூன்றாவது கோலாக்கினார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு வெவ்வேறு கழகங்களுக்காக அக்கிண்ணத்தை வெல்வது அரிய செயல். சோசாவுக்கு முன் அதைச் செய்தவர் பிரான்சின் டெசாயி ஒருவரே.

அப்போது சோசாவுக்கு வயது இருபத்தாறு. அவருடைய ஆட்டக்காலத்தின் உச்சம் அதுவே; முழங்கால்கள் அதற்குமேல் இடங்கொடுக்கவில்லை. இன்ரர் மிலான், பார்மா, கிரேக்கத்தின் பனத்தினாய்க்கோஸ், ஸ்பானியாவின் எஸ்பான்யோல் என்று கழகங்கள் மாறின. களத்திலே கழித்த நாள்கள் குறைந்தன. நாட்டுக்காக 51 ஆட்டங்கள் ஆடியவர், 2002இல், முப்பத்தொரு வயதில், ஓய்வு பெற்றார். கால்கள் தளர்ந்தபோதும் கண் தளரவில்லை என்பதற்குப் பின்னாளில் அவர் மேற்கொண்ட தொழிலே சான்று.

பயிற்றுநராக முதலில் அவர் அடைந்தது ஏமாற்றமே. இலண்டனின் குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் 2009இல் சில மாதங்களுக்குள் அவரை விலக்கியது. பின்னர் வேல்சின் சுவான்சி கழகம் அவரை அழைத்தது. பந்தை அவசரப்பட்டு முன்னே உதைக்காமல், தமக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டு எதிரிக்கு இடங்கொடாமல் ஆடும் முறை அங்கு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது; சோசா அதற்குத் தற்காப்பின் உறுதியைச் சேர்த்தார். 46 ஆட்டங்களில் எதிரணிகள் சுவான்சிக்கு அடித்தவை 37 கோல்கள் மட்டுமே. ஆனால் சுவான்சி அடித்தவையும் 40 தான்! மேற்பிரிவுக்குச் செல்வதற்கான தேர்வாட்டங்களில் இடம்பெற ஒரு புள்ளி போதாமற்போயிற்று. அந்த ஒரு புள்ளியால் ஆறாமிடத்தைப் பிடித்த பிளாக்பூல், தேர்வாட்டங்களிலும் வென்று மேற்பிரிவை அடைந்தது. சோசா ஓராண்டோடு சுவான்சியை விட்டு லெஸ்டருக்குச் சென்றார். அங்கு மூன்று மாதங்கூட நிலைக்கவில்லை. சுவான்சியோ அடுத்த ஆண்டே மேற்பிரிவுக்கு ஏறியது. இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் அந்தப் பெருமை அவருக்கே கிடைத்திருக்கலாம்.

ஹங்கேரியில் சில காலம் பணியாற்றிய பின், இஸ்ரேலின் மக்காபி தெல் அவிவ் கழகத்தோடு 2014இலும், சுவிற்சர்லாந்தின் பாசெல் கழகத்தோடு 2015இலும் அந்தந்த நாடுகளின் சம்பியன் பட்டங்களை வென்றார். பாசெல் 2014இல் ஐரோப்பியப் போட்டியிலே லிவர்பூலைத் தன் ஊரில் ஒரு கோலால் வென்று, அதன் மைதானத்திலும் ஒன்றுக்கு ஒன்று எனச் சமன் செய்து, அந்தப் பெரிய கழகத்தைப் போட்டியிலிருந்தே வெளியேற்றியது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக்கு அவர் வந்தபோது, முன்னாள் யுவெந்துஸ் ஆட்டக்காரர் என்பதால் மக்கள் ஐயத்தோடு பார்த்தனர். 2015 செப்டெம்பரில் அவருடைய பியோரென்டினா அணி, மிலான் நகரிலே இன்ரர் அணியை நாலுக்கு ஒன்று என வீழ்த்திப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது. ஆண்டிறுதியில் ஐந்தாமிடமே கிடைத்தது என்றாலும் அந்த இலையுதிர்காலம் சிறிய சாதனையன்று.

சீனா, பிரான்சின் போர்தோ என்று அலைந்த பின், 2021 தொடக்கத்திலே போலந்தின் தேசிய அணியை ஏற்றார். ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் அவ்வணி முதற்சுற்றோடு வெளியேறியது. உலகக் கிண்ணத்துக்கான தகுதியாட்டம் 2022 மார்ச்சில் காத்திருக்க, மூன்று மாதங்களுக்கு முன்னரே, பிரேசிலின் பிளமெங்கோ கழகம் அழைக்கிறது என்று கூறி விலகினார். போலந்துச் சங்கத்தின் தலைவர் கடுஞ்சினம் கொண்டதில் வியப்பில்லை. 1993இல் பென்பிக்காவை விட்டபோது சம்பளம் வராமை என்ற நியாயமாவது சொல்லக் கிடைத்தது. இம்முறை அத்தகைய சாக்கு எதுவுமில்லை. பிளமெங்கோவும் 2022 ஜூன் மாதத்திலேயே அவரை விலக்கிவிட்டது.

இத்தாலியின் சலேர்னித்தானாவிலும் 2023 ஒக்டோபரோடு அவர் பணி முடிந்தது. அடுத்த ஆண்டிலே துபாய் நகரின் ஷபாப் அல் அஹ்லி கழகத்திலே சேர்ந்தார். 2024-25 பருவத்திலே அக்கழகம் ஐக்கிய அரபு அமீரகத்தின் சம்பியன் பட்டத்தை வென்றது. பயிற்றுநராக அவர் பெற்ற மூன்றாவது நாட்டுப் பட்டம் அது.